பதினான்கு பேருக்கு ஒரு கை

சாம்பல் களத்து வரிசை வீடுகள்,
முத்தாண்டிக்குப்பம் சாலை, நெய்வேலி.
6-2-2005, ஞாயிறு.

என் மைத்துனர் சிங்காரவேலுவுக்கு,

உன் அக்காள் புருஷன் சடையப்பன் தன் சொந்தக் கையால் எழுதுகிற முதல் கடிதம் இது. இங்கே நானும் உன் அக்காள் பார்வதியும் உன் மருமகன் பாலகுமாரும் உயிரோடு இருக்கிறோம். சுகமாக இருக்கிறோமா என்பதைக் கீழே விவரமாக எழுதுகிறேன். அங்கே நீயும் உன் மனைவி பாப்பாவும் பிள்ளைகளும், தை அறுவடையில் வீடு வந்த நெல்லும், வெள்ளாற்றுக் காற்றும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். காற்றை ஏன் சேர்த்து விசாரிக்கிறேன் என்று நினைப்பாய். இந்தக் கடிதமே காற்றைப் பற்றியதுதான்.

முதலில் என் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். நீ அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படித்த மிதப்பில் நாற்பது வருஷமாக என்னைக் கைநாட்டு மாமா என்று கூப்பிட்டாய். இனிமேல் கூப்பிட முடியாது. போன வருஷம் சித்திரையில் நம் வரிசைக்கு வளர்கல்வி மையம் வந்தது. வினோலியா என்று ஒரு பெண், இருபத்திரண்டு வயது, என் கையைப் பிடித்து எழுத வைத்தது. அறுபத்தாறு வயதில் நான் பேர் எழுதினேன் மச்சான். எழுதிவிட்டு வெளியே வந்து பார்த்தால் ஊரே மாறிப் போயிருக்கிறது. பஸ்ஸுக்கு நெற்றியில் எழுத்து, கடைக்கு எழுத்து, தீப்பெட்டிக்கு எழுத்து, லாரிக்குப் பின்னால் எழுத்து. இத்தனை நாளும் இவை எல்லாம் என்னிடம் பேசிக்கொண்டே இருந்திருக்கின்றன, நான்தான் காது கேட்காதவன் மாதிரி போயிருக்கிறேன். மெயின் பஜாரில் ஒரு நாள் முழுக்க நின்று போர்டுகளைப் படித்தேன். உன் அக்காள், "வூட்டுக்கு வராம எங்க போயி நின்னுகினு இருந்த?" என்று கேட்டாள். படித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். அப்படிச் சொல்ல எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று எழுதுகிறேன், அவசரப்படுத்தாதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு பிரஷர் இருப்பது உனக்குத் தெரியும். தொண்ணூற்றிரண்டில் களத்தில் மயக்கம் போட்டு விழுந்தேன், பஜாரில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு நூற்றெழுபது என்றார். "உப்பைக் குறை, கோபத்தைக் குறை" என்றார், அவ்வளவுதான், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அன்றிலிருந்து உன் அக்காள் வீட்டில் உப்பு டப்பாவைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்துவிட்டாள். பன்னிரண்டு வருஷம் நான் சாப்பிட்டது குழம்பே இல்லை, வெந்நீரில் புளி. நீ சிதம்பரம் போய்வரும்போதெல்லாம் ஆசையாக வாங்கிவந்த நெத்திலிக் கருவாட்டைத் திருப்பி அனுப்பினேன், பாப்பா மூன்று வருஷம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கோபத்தைச் சொன்னாரே, அது அதைவிட மோசம். எனக்கு அதுவரை பெரிதாகக் கோபம் வந்து நானே பார்த்ததில்லை. ஆனால் டாக்டர் சொல்லிவிட்டாரே, நான் கோபக்காரன்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உன் அக்காளும் அப்படியே நினைத்துக்கொண்டாள். நான் நடந்தால் ஒதுங்கினாள், கேட்காமலே பதில் சொன்னாள், பையன் மார்க்கு குறைந்தால் மறைத்தாள். "அப்பாவுக்கு பிரஷர்டா, சத்தம் போடாத" என்று சொல்லிச் சொல்லி வளர்த்ததில் அந்தப் பிள்ளை இன்று வரைக்கும் என் முன்னால் வாய்விட்டுச் சிரித்ததில்லை. ஒரு வீட்டில் எல்லோரும் நம்மைப் பார்த்து பயந்தால் நமக்கும் கோபம் வரத்தானே செய்யும்? அதுவும் வந்தது. இப்படிப் பன்னிரண்டு வருஷம்.

போன ஐப்பசியில் ஒரு டாக்டரம்மா, டாக்டருக்குப் படிக்கிற பத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கேம்ப் போட்டார்கள். நம் வரிசையில் வீடு வீடாக வந்து ஒவ்வொருவருக்கும் மூன்று தடவை பிரஷர் பார்த்தார்கள். பிறகு உங்கள் சேத்தியாத்தோப்புப் பக்கம் போய் அங்கேயும் அதே வயசு ஆட்களுக்குப் பார்த்தார்களாம். எனக்கு நூற்றெழுபத்தெட்டு. பக்கத்து வீட்டு அருள்நாதனுக்கு நூற்றெண்பது, அவன் மாதாவுக்கு நேர்ந்துகொண்டு உப்பே தொடுவதில்லை. உன் அக்காளுக்கு நூற்றெழுபத்திரண்டு, இத்தனை வருஷத்தில் அவளுக்கு ஒருவரும் பார்த்ததில்லை, அவள் எனக்கு உப்புக் குறைப்பதிலேயே இருந்துவிட்டாள். பள்ளிக்கூடம் முடிந்து, வேலையை விட்டுப்போன ஒருவர் இடத்தில் களத்துக்கு வந்த பாலகுமாருக்கு நூற்றறுபத்துநாலு. அவனுக்கு வயது இருபத்தேழு மச்சான். அந்த அம்மா அந்த எண்ணை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை மூடவில்லை.

நான் கேட்டேன், "எம்புள்ள கோபக்காரன் இல்லீங்களே?" என்று.

"கோபம் இல்லைங்க ஐயா. உப்பும் ஒரு காரணம்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா நீங்க சுவாசிக்கிற இந்தத் தூசி இருக்கு பாருங்க, கண்ணுக்குத் தெரியிறது கூட இல்ல, தெரியாதது. அது மூச்சுல போயி ரத்தக்குழாயை இறுக்கிடும். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, வருஷக்கணக்குல சுவாசிக்கிறவங்களுக்கு பிரஷர் ஏறிக்கிட்டே போகும். வெளிநாட்டுல எல்லாம் ஆராய்ச்சி பண்ணிப் பார்த்திருக்காங்க."

"அப்போ பன்னெண்டு வருஷம் உப்பில்லாம தின்னது?"

"நல்லதுதான். ஆனா அது மட்டும் போதாதுங்க ஐயா."

உன் அக்காள் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரிக் குழம்பில் உப்பு சரியாக இருந்தது.

களத்தை நீ பார்த்திருக்கிறாய். கண்டிராக்டர் ராஜாங்கம் பதினெட்டு வருஷமாக லாரி லாரியாக அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் கொண்டுவந்து கொட்டி, செங்கல் அறுக்கிறவனுக்கும் பள்ளம் தூர்க்கிறவனுக்கும் விற்கிறான். அள்ளிப் போடுகிற பதினான்கு பேருக்குக் களத்து ஓரத்திலேயே வரிசை வீடு. மூடுவது கிடையாது, தண்ணீர் தெளிப்பது பெரிய மனிதர்கள் வருகிற நாளில் மட்டும். காலையில் எழுந்து தலையணையைப் பார்த்தால் தலை இருந்த இடம் மட்டும் பழைய நிறத்தில் இருக்கும், சுற்றி வெள்ளை. மோரை மூடி வைத்தால் மூடியில் பல்லி நடந்த தடம் தெரியும். டாக்டரம்மா கொடுத்த நோட்டீஸை நான் எழுத்துக் கூட்டி நாலு நாள் படித்தேன். படித்து முடித்து, இந்தச் சாம்பல் மேட்டை வீடுகளை விட்டுத் தள்ளிக் கொண்டுபோக வேண்டும், என் மகனுக்கு வயது இருபத்தேழு என்று, கேம்பில் எடுத்த எண்களையும் சேர்த்து நானே ஒரு மனு எழுதினேன். என் வாழ்க்கையில் பார்த்த மனுக்களில் எல்லாம் கட்டை விரல்தான் வைத்திருக்கிறேன், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. இது நான் எழுதியது. வினோலியா இரண்டு இடத்தில்தான் திருத்தியது. கடலூருக்குத் தபாலில் போட்டேன், போட்டுவிட்டுத் தபால் பெட்டி மேல் எழுதியிருந்ததையும் ஒரு தடவை படித்தேன். ராஜாங்கத்துக்கு விஷயம் தெரிந்த அன்றே எனக்கு ஷிப்ட் கொடுப்பதை நிறுத்திவிட்டான்.

மனு எழுதியதுதான் நான் செய்த முதல் தப்பு. இரண்டாவது தப்பு நாம் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சேர்ந்து செய்தது. அது உன் இடது கை.

மறந்திருக்க மாட்டாய், ஆனாலும் எழுதுகிறேன், எழுத வருகிறதே. தொண்ணூற்றுமூன்றில் ராஜாங்கம் புதிதாக ஒரு சட்டம் போட்டான், வருஷத்துக்கு ஒரு தடவை மெடிக்கல், பிரஷர் அதிகம் இருக்கிறவனுக்கு அன்ஃபிட், அன்ஃபிட் என்றால் களத்து பாஸும் இல்லை, வரிசை வீடும் இல்லை. கம்பவுண்டர் தனகோட்டி வந்தான். சாம்பலுக்கு பயந்து அவன் வெளியே உட்கார மாட்டான். ஆபீஸ் அறைக்குள் போய்க் கதவையும் ஜன்னலையும் மூடிக்கொண்டு, சம்பளம் கொடுக்கிற ஓட்டை வழியாக "ஒவ்வொருத்தனா கையை நீட்டு" என்றான். ஒரு கை, ஒரு டோக்கன், அவ்வளவுதான் அவன் பார்த்தது. நான் வரிசையில் முதல் ஆளாக நின்றிருந்தேன். நீ அன்றைக்குக் கருவாட்டுப் பையோடு வந்திருந்தாய்.

"இன்னா மாமா, இதுக்குப் போயி வேர்த்துகினு இருக்க? தள்ளு, நான் நீட்டறேன்."

விளையாட்டுக்குத்தான் சொன்னாய். நான் நகர்ந்துவிட்டேன். நூற்றுப் பதினெட்டு. உள்ளேயிருந்து, "பேஷ்!" என்று சத்தம் வந்தது. பின்னால் நின்ற அருள்நாதன் தன் டோக்கனை உன் பாக்கெட்டில் போட்டான். அவனுக்குப் பின்னால் பன்னிரண்டு பேர். அன்றைக்குப் பதினான்கு தடவை அந்தப் பட்டையை இறுக்கி உன் கை வீங்கிப்போய், அருள்நாதன் வீட்டில் சமைத்த கோழிக் குழம்பை உனக்கு அவன் பெண்சாதி ஸ்பூனில் கொடுத்தாள். அப்புறம் வருஷா வருஷம் மாசி மாதம் நீ வருவது, கை நீட்டுவது, கோழி தின்பது என்று வழக்கமாகிவிட்டது. களத்து ஆள் என்று தெரியட்டும் என்று நீ ஒவ்வொரு தடவையும் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு போனதும், தனகோட்டி, "தொடச்சிகினு வாங்கய்யா, மிஷின் கெட்டுப்போயிடும்!" என்று கத்தியதும் ஞாபகம் இருக்கிறதா? துடைத்தாய் அல்லவா? அதில்தான் நாம் மாட்டிக்கொண்டோம்.

போன மாதம் இருபத்தேழாம் தேதி, என் மனுவுக்காகக் கடலூரிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். அன்றைக்குக் களத்தில் தண்ணீர் தெளித்திருந்தார்கள், இரண்டு குரோட்டன்ஸ் தொட்டிகூட வந்திருந்தது. ராஜாங்கம் பன்னிரண்டு வருஷத்து மெடிக்கல் ரிஜிஸ்டரைக் கொண்டுவந்து வைத்தான். அதிகாரி புரட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பெரியவரே, படிக்கத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

மச்சான், அறுபத்தாறு வருஷத்தில் அந்தக் கேள்விக்கு நான் அந்தப் பதிலைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அப்ப நீங்களே படிங்க. உங்க ஆளுங்க அத்தனை பேருக்கும் நூத்திப் பதினெட்டு, நூத்தி இருபது. ஆபீஸ்ல ஃபேனுக்கு அடியில உக்காந்திருக்கிற எனக்கே நூத்தம்பது. நியாயமா பார்த்தா நான்தான் இங்க வந்து குடியிருக்கணும்."

ராஜாங்கம் சிரித்துக்கொண்டே, "சாம்பல் நல்லதுதானுங்களே ஐயா. நாம திருநீறு பூசறோம். இதோ அருள்நாதன் இருக்கான், அவங்களுக்குக்கூட சாம்பல் புதன்னு ஒண்ணு இருக்கு. இல்லடா அருளு?" என்றான்.

நான் ரிஜிஸ்டரைப் படித்தேன். அது எங்கள் பதினான்கு பேருடைய ரிஜிஸ்டர் இல்லை, உன் சரித்திரம். தொண்ணூற்றுநாலில் உனக்கு நல்ல விளைச்சல், எங்கள் எல்லோருக்கும் நூற்றுப் பதினாறு. தொண்ணூற்றெட்டில் உன் செவலை மாடு செத்துப்போய் நீ அழுத கண்ணோடு வந்தாய் பார், எங்கள் பதினான்கு பேருக்கும் நூற்று நாற்பத்தெட்டு. அந்த வருஷம் ராஜாங்கம் எங்களை நிற்க வைத்து, "இன்னாடா, எல்லானுக்கும் ஒரே மாதிரி ஏறிகினு இருக்கு? சங்கம் கிங்கம் வெக்கறீங்களா?" என்று மிரட்டினானே, அதே வருஷம்தான். இரண்டாயிரத்தில் உன் பெரிய மகள் கல்யாணம், நூற்று முப்பது. என் பிரஷர் அந்த ரிஜிஸ்டரில் எங்கேயுமே இல்லை. பதினெட்டு வருஷம் நான் மூச்சு விட்டதற்கு அந்தப் புத்தகத்தில் ஒரு எண்கூட இல்லை.

அப்போது என் கண் பக்கத்துக் கட்டத்துக்குப் போயிற்று. உடல் அடையாளம் என்று தலைப்பு. தனகோட்டி முகத்தைப் பார்த்தானா, மச்சத்தைப் பார்த்தானா? ஓட்டைக்குள் வந்த கையில் எது தெரிந்ததோ அதை எழுதி வைத்திருக்கிறான். எனக்குப் படித்த சந்தோஷத்தில் புத்தி வேலை செய்யவில்லை. வினோலியா முதல் வாரம் கற்றுக்கொடுத்த வார்த்தை அது, தடுக்காமல் வந்தது. சத்தமாகப் படித்தேன்.

"சடையப்பன். இடது கையில் பாப்பா என்று பச்சை. அருள்நாதன். இடது கையில் பாப்பா என்று பச்சை. பாலகுமார். இடது கையில் பாப்பா என்று பச்சை."

பாலகுமார் பின்னாலிருந்து என் சட்டையை இழுத்தான். சிறு பிள்ளை பாடம் ஒப்பிப்பது போல நான் பதினான்கையும் படித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றியிருந்தார்.

"யாருங்க அந்தப் பாப்பா?"

அருள்நாதன்தான், "சாமி பேருங்க" என்றான். அவன் கழுத்தில் ஜெபமாலை.

அதிகாரி ரிஜிஸ்டரை மூடினார். "இன்னிக்கு எனக்கு நேரமில்ல, இருபத்தொண்ணாம் தேதி மறுபடியும் வர்றேன். பதினாலு பேரும் சட்டைக் கையை மடக்கிக்கினு வரிசையா நில்லுங்க. பச்சை இருந்தா ரிஜிஸ்டர் நிஜம், கேம்ப்ல எடுத்ததுதான் தப்புன்னு எழுதிட்டுப் போறேன். இல்லேன்னா இது யாரு கைன்னு எனக்குத் தெரியணும்."

அவர் ஜீப் போன பிறகு ராஜாங்கம் மெதுவாகத்தான் பேசினான். ரிஜிஸ்டர் நிஜம் என்றால் எல்லோருக்கும் பாஸ் தொடரும், மேடு இருக்கிற இடத்தில் இருக்கும். பொய் என்றால் கை மாற்றியவன் ஒருவனுக்கும் பாஸ் கிடையாது, வீட்டையும் காலி செய்ய வேண்டும். இதைச் சொல்லிவிட்டு, "நான் நல்லவன், ரெண்டு வழி காட்டறேன்" என்றான்.

9-2-2005, புதன். இன்றுதான் அந்தச் சாம்பல் புதன். அருள்நாதன் கோயிலுக்குப் போய் நெற்றியில் வைத்துக்கொண்டு வந்தான். எங்கே வைத்தார்கள் என்று தெரியவில்லை, முகம் முழுக்க அதேதான் இருந்தது.

இப்போது நான் உன்னிடம் கேட்கிறேன். நீ இருபத்தொன்றாம் தேதி திங்கட்கிழமை காலையில் வர வேண்டும். வடலூர் வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து நெய்வேலி பஸ். அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வா. அந்த அதிகாரி முன்னால் உன் கையைக் காட்டி, பன்னிரண்டு வருஷமும் இந்த ஒரு கைதான் ஐயா, இது வெள்ளாற்றுக் காற்றில் வளர்ந்த கை, அதனால்தான் நூற்றுப் பதினெட்டு, இவர்கள் கைகளை இப்போது எடுத்துப் பாருங்கள் என்று சொல்ல வேண்டும். உன் கையைப் போல அத்தாட்சி வேறு இல்லை. சாம்பலில் பதினெட்டு வருஷம் இருந்தால் எவ்வளவு ஏறும், இல்லாவிட்டால் எவ்வளவு இருக்கும் என்பதற்கு டாக்டரம்மா இரண்டு ஊர் அலைந்தார்கள். அந்த இரண்டும் நம் ஒரு குடும்பத்திலேயே இருக்கிறது. யோசனை என்னுடையது, சிங்காரவேலு விளையாட்டுக்குச் சொன்னான், நான்தான் பிடித்துக்கொண்டேன் என்று நான் சொல்லிவிடுகிறேன். உனக்கு ஒன்றும் வராது.

பாலகுமாரிடம் சொன்னேன். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பிள்ளை என்னிடம் குரலை உயர்த்தினான். "பாஸ் போச்சுன்னா எங்கப்பா போறது? எழுதப் படிக்கத் தெரிஞ்சிகிட்டா வூட்டு வாடகை யாரு குடுப்பா?" என்றான். பிறகு, அப்பாவுக்கு பிரஷர் என்று ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டான். அவனுக்குத்தான் நூற்றறுபத்துநாலு. வேலை போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கும் நாக்கு வரவில்லை, ஆனால் எழுத வருகிறது, எழுதிவிட்டேன். இந்தச் சாம்பலில் என் மகன் இன்னும் பதினெட்டு வருஷம் மூச்சு விட்டால் நாற்பத்தைந்து வயதில் அவன் எந்தப் பக்கம் விழுவான் என்று எனக்குத் தெரியும். நான் இப்போது படித்தவன். கைநாட்டாக இருந்தபோதுதான் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடிந்தது.

வரும்போது கருவாடு கொண்டு வா. பன்னிரண்டு வருஷத்துக்குச் சேர்த்துக் கொண்டு வா.

உனக்கும் பாப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் நூற்றுப் பதினெட்டுக்கு மேல் ஏறாத ஆயுசு கிடைக்க வேண்டும். உன் நிலத்துக்கும் மாடுகளுக்கும் என் ஆசீர்வாதம். உன் அக்காள் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள், உப்பு போட்டுத்தான் சமைக்கிறாள் என்பதையும் எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு, கையெழுத்துப் போடத் தெரிந்த உன் மாமா,
சடையப்பன்.

13-2-2005, ஞாயிறு.

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்கு முன் இதையும் எழுதிவிடுகிறேன். நீ இருபத்தொன்றாம் தேதி வர வேண்டாம். வந்தே தீர வேண்டும் என்றால் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வா, பதினைந்தாவது பாப்பா இருந்தால் சந்தேகம் வரும்.

நேற்று எல்லோரும் குறிஞ்சிப்பாடி சந்தைக்குப் போனோம். நான் வர மாட்டேன் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். பாலகுமார் வந்து என் எதிரில் நின்றான், என் செருப்பை எடுத்து என் காலுக்கு முன்னால் வைத்தான். அங்கே ஒரு அம்மா பேட்டரி மிஷின் வைத்துப் பச்சை குத்துகிறார்கள். தேள், வேல், சிலுவை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்களாம், எழுத்து மட்டும் தெரியாது. "யாராச்சும் பேனாவால எழுதிக் குடுங்க, அது மேலயே குத்திடறேன்" என்றார்கள். பதினான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான்தான் எழுதினேன் மச்சான். மூன்றே எழுத்து, பதினான்கு கை. என் இடது கையில் என் வலது கையே எழுதியது. உன் அக்காள் பார்த்துவிட்டு, "எந்தம்பி பொண்டாட்டி பேரு எம்புருஷன் கையிலயும் எம்புள்ள கையிலயும் இருக்கு, எம்பேரு ரேஷன் கார்டுல மட்டும் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பாப்பாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. புதுப் பச்சை என்று தெரியாமல் இருக்க என்ன செய்வது என்று ராஜாங்கத்திடம் கேட்டார்கள். தினமும் இரண்டு வேளை சாம்பலைப் போட்டுத் தேய்க்கச் சொன்னான். தேய்த்துக்கொண்டிருக்கிறோம்.

கடைசியாகத்தான் பாலகுமார் கையை நீட்டினான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுதினேன். என் விரலுக்கு அடியில் அவன் நாடி திம் திம் என்று இடித்துக்கொண்டே இருந்தது. வினோலியா சொல்லிக்கொடுத்தபடி அவசரப்படாமல் எழுதினேன். பதினான்கிலும் அதுதான் அழகாக வந்திருக்கிறது.